தாது வருஷமும் தேக்கு மரமும்

மலர்க்குழு நண்பர்கள் போன் செய்து, "நீயும் ஏதாவது எழுதித்தான் ஆகணும். ஆனா ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பத்தி மட்டும் வேண்டாம், ஏற்கெனவே பல பேர் எழுதிட்டாங்க" என்றார்கள். மெஸ் சாம்பாரை எடுத்துவிட்டால் என்னிடம் மிச்சம் இருப்பது தண்ணீர்க் கணக்கு ஒன்றுதான். ஆகவே தண்ணீர், மழை, பஞ்சம் ஆகியவற்றின் சரித்திரத்தைக் கொஞ்சம் எழுதுகிறேன். சிவில் இன்ஜினீயருக்குச் சரித்திரத்தில் என்ன வேலை என்று சீனியர்கள் கேட்கலாம். அந்த வேலையைச் செய்யாமல் விட்டதால் நான் ஒரு முறை தலைகுனிந்து நின்றேன். கதையை அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கிணறு சொன்ன பாடம்

எனக்குச் சொந்த ஊர் அணைக்கட்டு. வேலூருக்குத் தெற்கே, ஜவ்வாது மலை அடிவாரம். தமிழில் நாம் சொல்லும் 'அணைக்கட்டு' என்ற சொல்லைத்தான் வெள்ளைக்காரன் 'அனிகட்' என்று எழுதி, உலகத்திலுள்ள இன்ஜினீயரிங் புத்தகங்களில் எல்லாம் ஏற்றினான். அப்படிப்பட்ட பெயர் கொண்ட ஊரில் பிறந்தவனுக்குத் தண்ணீர்க் கணக்கு தப்பக்கூடாது. ஆனால் தப்பியது.

2014-ல் நான் ஒரு ஆலோசனை நிறுவனத்தில் இளம் பொறியாளர். எங்கள் பக்கத்துக் குக்கிராமங்கள் சிலவற்றுக்கு ஆற்றுப்படுகையில் கிணறு வெட்டிக் குடிநீர் தரும் ஒரு சிறிய திட்டத்துக்கு நான்தான் கணக்குப் போட்டேன். கையில் கிடைத்தது முப்பது வருஷ மழைப் பதிவு. அதில் மிக மோசமான வருஷம் எது என்று பார்த்து, அதற்கும் தாங்கும்படி கிணற்றின் ஆழத்தை நிர்ணயித்தேன். கூடக் கொஞ்சம் பாதுகாப்பும் சேர்த்தேன். பாடத்தில் படித்தபடிதான் எல்லாம் செய்தேன்.

2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. தமிழ்நாட்டுக்கு வழக்கமாகக் கிடைப்பதைவிட 62 சதவீதம் குறைவு. 1876-க்குப் பிறகு அவ்வளவு மோசமான வடகிழக்குப் பருவமழை கிடையாது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அரசு அறிவித்தது. அந்தக் கோடையில் என் கிணறு வற்றியது. டேங்கர் லாரி வரும் நாளில் பிளாஸ்டிக் குடங்கள் தெருமுனை வரை வரிசை கட்டி நிற்கும். நான் ஊருக்குப் போயிருந்தபோது அந்த வரிசையில் இருந்த எங்கள் தெருப் பாட்டி ஒருவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"இன்னா கண்ணு, நீதான் கெணத்துக்குக் கணக்கு போட்டவனாமே. எத்தினி வருசத்துக் கணக்கு பாத்தே?"

"முப்பது வருஷம் பாட்டி."

"முப்பதா? எங்க பாட்டி தாது வருசத்துல கத்தாழைக் கெழங்கத் தின்னு பொழச்சவ. அத யாரும் ஒனக்குச் சொல்லலியா?"

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குப் பதில் இல்லை. தாது வருஷம் என்பது பாட்டிமார் கதை என்று நினைத்திருந்தேனே தவிர, அது ஒரு நீரியல் தகவல் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன்.

தாது வருஷம்

தமிழ் வருஷம் அறுபதில் தாது பத்தாவது. பாட்டி சொன்ன தாது 1876-77. அந்த வருஷம் சென்னை மாகாணத்தில் மழை தவறியது. 1878 வரை பஞ்சம் நீண்டது. பிரிட்டிஷ் இந்தியாவில் இறந்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். நம் வட ஆற்காடு மாவட்டமும் கடுமையாக அடிபட்டது. 1871 ஜனத்தொகைக் கணக்கில் இங்கே சுமார் 20 லட்சம் பேர் இருந்தார்கள். 1881-ல் சுமார் 18 லட்சம்தான். பத்து வருஷத்தில் ஏற வேண்டிய தொகை இறங்கியிருக்கிறது.

மழை தவறியது இயற்கை. அதற்குப் பிறகு நடந்தது மனிதர்கள் செய்தது. 1877 ஜனவரி 1-ஆம் தேதி டில்லியில் வைஸ்ராய் லிட்டன் பிரபு விக்டோரியா ராணிக்குப் பேரரசிப் பட்டம் சூட்டி தர்பார் நடத்திக்கொண்டிருந்தார். செலவைக் குறைக்க அனுப்பப்பட்ட சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று நிர்ணயித்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. அது போதாது, ஆட்கள் செத்துப்போவார்கள் என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். பத்திரிகையாளர் வில்லியம் டிக்பி இதையெல்லாம் இரண்டு பெரிய தொகுதிகளாக எழுதி 1878-ல் வெளியிட்டார். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்ச நிவாரண வேலையாகவே வெட்டப்பட்டது. அதைத் தாண்டிப் போகும்போது ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

தோல் தொழில் செய்யும் நம்மவர்களுக்கு இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. பஞ்சத்தில் முதலில் விழுவது மாடு. தீவனம் இல்லாமல் மாடுகள் சாகும், தோல் மலிவாகக் குவியும், ஏற்றுமதி ஏறும். ஊர் காய்ந்த வருஷத்தில் தோல் வியாபாரக் கணக்கு கொழுத்திருக்கும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட நம் பக்கத்துத் தோல் சீமைக்குப் போன சரித்திரத்தில், பசியின் சரித்திரமும் கலந்தே இருக்கிறது.

சூரியனில் விடை தேடியவர்கள்

பஞ்சம் முடிவதற்கு முன்பே, இது மறுபடி எப்போது வரும் என்ற கேள்வி எழுந்துவிட்டது. நல்லவேளையாகச் சென்னையில் ஒரு பொக்கிஷம் இருந்தது. 1792-ல் கட்டப்பட்ட சென்னை வானாய்வுக்கூடத்தில் நட்சத்திரத்தோடு வானிலையையும் பதிவு செய்து வந்தார்கள். மழை அளவு மட்டும் 1813 முதல் தொடர்ச்சியாக இருந்தது. இந்திய வானிலைத் துறை ஆரம்பிக்கப்பட்டதே 1875-ல்தான் என்பதைப் பார்த்தால் இதன் அருமை தெரியும்.

டபிள்யூ.டபிள்யூ. ஹண்டர் என்ற அதிகாரி அந்தச் சென்னை மழைக் கணக்கை எடுத்து, சூரியப் புள்ளிகளின் பதினோரு வருஷச் சுழற்சியோடு வைத்துப் பார்த்தார். புள்ளிகள் குறையும்போது மழை குறைகிறது, பஞ்சம் வருகிறது என்று 1877-ல் எழுதினார். கணக்கு அவ்வளவு உறுதியானது இல்லை என்று வானிலைக்காரர்கள் சந்தேகப்பட்டார்கள். சந்தேகம்தான் ஜெயித்தது. ஆனால் சூரியனைப் பார்த்தால் பருவமழை புரியும் என்ற ஆசை போகவில்லை. 1899-ல் கொடைக்கானலில் சூரிய ஆய்வுக்கூடம் அமைந்ததற்கு அந்த ஆசையும் ஒரு காரணம். அந்தக் கொடைக்கானலின் கிளையாக 1960-களின் கடைசியில் தொடங்கியதுதான் நம் ஜவ்வாது மலையில் உள்ள காவலூர். 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி நிற்கிறதே, அதே இடம். இரண்டாம் வருஷத்தில் பஸ் பிடித்துப் போய், மேகம் மூடி ஒன்றும் பார்க்காமல் திரும்பி வந்தோமே, அந்தக் காவலூரின் பூர்வீகத்தில் ஒரு பஞ்சம் இருக்கிறது என்று அன்று யாரும் நமக்குச் சொல்லவில்லை.

அரிசோனாவில் ஒரு மரக்கடை

சூரியப் புள்ளியைத் தேடிப் போன இன்னொருவர் அமெரிக்காவில் ஆண்ட்ரூ எல்லிகாட் டக்ளஸ். இவரும் வானவியல்காரர்தான். செவ்வாய்க் கிரகத்தில் கால்வாய் இருக்கிறது என்று நம்பிய பெர்சிவல் லோவலிடம் வேலை பார்த்தார். அந்தக் கால்வாய்களைப் பற்றிச் சந்தேகம் கிளப்பியதில் 1901-ல் வேலை போனது.

சூரியப் புள்ளிகளின் பழைய சுழற்சிகளை அறிய அவருக்குப் பல நூறு வருஷ வானிலைப் பதிவு தேவைப்பட்டது. அரிசோனா போன்ற வறண்ட பூமியில் அப்படிப் பதிவு ஏது? மழை பெய்த வருஷம் மரம் தடித்த வளையம் போடும், காய்ந்த வருஷம் மெல்லிய வளையம் போடும், அப்படியானால் மரமே மழைப் பதிவேடுதானே என்று யோசித்தார். 1904 வாக்கில் மரக்கிடங்கில் வெட்டிக் கிடந்த பைன் மரங்களின் வளையங்களை எண்ண ஆரம்பித்தார். ஒரே வட்டாரத்து மரங்களில், தடிப்பும் மெலிவும் ஒரே வரிசையில் வருவதைக் கண்டுபிடித்தார்.

பிறகு பழைய செவ்விந்தியர் குடியிருப்புகளின் உத்தரங்களையும் சேர்த்தார். உயிரோடு நின்ற மரங்களின் வரிசை ஒன்று, உத்தரங்களின் வரிசை இன்னொன்று. நடுவில் ஓர் இடைவெளி. 1929-ல் ஷோ லோ என்ற ஊரில் கிடைத்த கருகிப்போன ஒரு கட்டை அந்த இடைவெளியை அடைத்தது. ஒரே இரவில் பாழடைந்த பல குடியிருப்புகளுக்கு வருஷம் கிடைத்துவிட்டது. 1276 முதல் 1299 வரை நீண்ட ஒரு பெரும் வறட்சியும் வெளிவந்தது. தேடிப் போன சூரியச் சுழற்சியை டக்ளஸால் கடைசி வரை எல்லோரும் ஒப்பும்படி நிரூபிக்க முடியவில்லை. ஆனால் வழியில் ஒரு விஞ்ஞானத்தையே உண்டாக்கிவிட்டார். 1937-ல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் மரவளைய ஆய்வுக்கூடம் தொடங்கியது.

பத்துப் பொருத்தம்

'வளையத்தை எண்ணுவது ஒரு வித்தையா? எட்டாம் வகுப்பிலேயே படித்தோமே' என்று ஜூனியர்கள் நினைக்கலாம். எண்ணுவது சுலபம், நம்புவதுதான் கஷ்டம்.

மிகவும் வறண்ட வருஷத்தில் மரம் சில சமயம் வளையமே போடாது. கோடை மழை ஒன்று இடையில் பெய்து ஏமாற்றினால் ஒரே வருஷத்தில் இரண்டு போல வளையம் விழும். ஒரு மரத்தை மட்டும் எண்ணினால் ஐந்து பத்து வருஷம் தப்பிப் போகும். ஆகவே பல மரங்களை எடுத்து வரிசைக்கு வரிசை ஒப்பிட்டுப் பொருத்த வேண்டும். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பது போலத்தான். ஒரு பொருத்தம் இருந்தால் போதாது, பத்தும் பார்க்க வேண்டும். இந்த மரத்தில் 1877 மெலிவு என்றால் அடுத்த மரத்திலும் அதே இடத்தில் மெலிவு இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கோ ஒரு வளையம் விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

உயிருள்ள மரத்தை வெட்ட வேண்டியதில்லை. பென்சில் தடிமனில் ஒரு துளைக்கருவி உண்டு. பட்டையிலிருந்து மையம் நோக்கித் திருகினால் மெல்லிய குச்சி ஒன்று வெளியே வரும். அதை வழவழப்பாகத் தேய்த்து, நுண்நோக்கியில் ஒவ்வொரு வளையமாக அளக்கிறார்கள்.

அடுத்தது நம் வேலை போன்ற வேலை. மரம் இளமையில் தடித்த வளையம் போடும், வயதாக ஆக மெலியும். இது மழையால் வருவதல்ல, வயதால் வருவது. அந்த வயதுப் போக்கைக் கணக்கிட்டு நீக்கிவிட்டு, மிச்சத்தை மழைமானிப் பதிவோடு ஒப்பிட வேண்டும். பதிவு நூறு வருஷம் இருந்தால் ஐம்பதை வைத்துச் சமன்பாட்டை உருவாக்கி, மீதி ஐம்பதில் அது சரியாக வருகிறதா என்று சோதிக்கிறார்கள். அதில் தேறினால்தான் பதிவே இல்லாத பழைய காலத்துக்குப் போகலாம். உண்மையைச் சொல்வதானால், என் கிணற்றுக் கணக்கை நான் இவ்வளவு கண்டிப்போடு சோதிக்கவில்லை.

நம் நாட்டு மரங்கள்

குளிர்நாட்டில் பனிக்காலம் மரத்தின் வளர்ச்சியை நிறுத்திவிடும், ஆகவே வருஷத்துக்கு ஒரு வளையம் தெளிவாக விழும். வெப்பநாட்டில் அப்படியில்லை. நம் வேப்பமரத்தையும் புளியமரத்தையும் நம்பி எண்ண முடியாது. ஆனால் தேக்கு விதிவிலக்கு. கோடையில் இலையெல்லாம் கொட்டிவிட்டு நிற்கும். மழை வந்ததும் பெரிய பெரிய துளைகளோடு புதுக்கட்டை போட ஆரம்பிக்கும். அந்தத் துளை வரிசையே வருஷத்தின் எல்லைக்கோடு.

தேக்கின் வளையத்தை இங்கே முதலில் பார்த்தவர்கள் வனத்துறைக்காரர்கள். அவர்களுக்கு வேண்டியது வானிலை அல்ல, மரம் எத்தனை வருஷத்தில் விலைக்கு ஆகும் என்ற விவரம். 1881-ல் வெளிவந்த கேம்பிளின் இந்திய மரங்கள் நூலிலேயே ஓர் அங்குலத்துக்கு எத்தனை வளையம் என்ற கணக்கு இருக்கிறது. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் கே.ஏ. சௌத்ரி, எந்தெந்த இந்திய மரம் எப்போது வளையம் போடுகிறது என்பதை 1930-களின் இறுதியில் முறையாக ஆராய்ந்தார். ஜாவாவில் பெர்லாகே என்ற டச்சு வானிலை அறிஞர் தேக்கை வைத்தே 1514 முதல் 1929 வரை ஒரு வரிசை உருவாக்கி 1931-ல் வெளியிட்டார்.

மழையின் சரித்திரத்துக்காக இந்தியத் தேக்கைப் படித்ததில் புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்துக்கு முக்கிய இடம் உண்டு. ஜி.பி. பந்த், எச்.பி. போர்காவ்ங்கர் இருவரும் மகாராஷ்டிரத்தின் தாணே பகுதித் தேக்கு பற்றி 1983-லேயே எழுதினார்கள். லக்னோ பீர்பால் சாஹ்னி நிறுவனத்தவர்கள் இமயமலைத் தேவதாருவிலும் பைனிலும் நிறைய வேலை செய்தார்கள். நமக்கு மிக அருகில் வந்த ஆராய்ச்சி கேரளத் தேக்கு பற்றியது. போர்காவ்ங்கரும் சகாக்களும் கேரளத்தில் மூன்று இடங்களின் தேக்கிலிருந்து 1481 முதல் 2003 வரை 523 வருஷ வரிசை ஒன்றை அமைத்து 2010-ல் வெளியிட்டார்கள்.

1481 என்றால் எவ்வளவு பழசு தெரியுமா? வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்ததே 1498-ல். அவர் வந்த வருஷம் மரம் எவ்வளவு வளர்ந்தது என்பது அந்தக் கட்டையில் இருக்கிறது.

அவர்கள் கண்டது இது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைப்பகுதி முதல், எல் நினோ வந்து பருவமழை குறைந்த வருஷங்களில்தான் தேக்கின் மெலிந்த வளையங்கள் அதிகம் விழுந்திருக்கின்றன. அதற்கு முந்திய காலத்திலும், எல் நினோ நடந்ததாகத் தெரிகிற பல வருஷங்களில் மரம் மெலிந்திருக்கிறது. பசிபிக் சமுத்திரம் சூடானால் கேரளத்துத் தேக்கு இளைக்கிறது. ஹண்டர் சூரியனில் தேடிய விடையின் பெரும்பகுதி கடலில் இருந்திருக்கிறது. 1904-ல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக வந்த கில்பர்ட் வாக்கர், பருவமழையை முன்கூட்டிச் சொல்ல முயன்றபோதுதான் பசிபிக்கிலும் இந்து சமுத்திரத்திலும் காற்றழுத்தம் ஊஞ்சல் போல ஆடுவதைக் கண்டுபிடித்தார். 1877-78-ல் வந்தது மிகப் பலமான எல் நினோ.

எழுநூறு வருஷ வறட்சி வரைபடம்

அதே 2010-ல் இன்னொரு பெரிய வேலையும் வந்தது. அமெரிக்காவின் லமான்ட்-டோஹர்ட்டி ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எட்வர்ட் குக் குழுவினர், ஆசியா முழுவதும் இருந்து 300-க்கும் மேற்பட்ட மரவளைய வரிசைகளைச் சேர்த்து, பருவமழை ஆசியாவுக்கு வறட்சி அட்லஸ் ஒன்றைத் தயாரித்தார்கள். 1300 முதல் 2005 வரை, ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு வரைபடம். எந்தப் பகுதி காய்ந்தது, எந்தப் பகுதி நனைந்தது என்று பார்க்கலாம்.

அதில் நான்கு பெரும் வறட்சிகள் தனித்துத் தெரிகின்றன. சீனாவில் மிங் வம்சம் ஆட்டம் கண்ட 1638-41, தென்கிழக்கு ஆசியாவை உலுக்கிய 1756-68, இந்தியாவைத் தாக்கிய 1790-96, கடைசியாக 1876-78. மூன்றாவதின் காலத்தில் தக்காணத்தில் வந்த பஞ்சத்துக்கு மண்டையோட்டுப் பஞ்சம் என்றே பெயர். புதைக்க ஆள் இல்லாமல் எலும்புகள் கிடந்தனவாம். அப்போது கோதாவரிப் பக்கம் சாமல்கோட்டையில் இருந்த தாவரவியல் அறிஞர் ராக்ஸ்பர்க், மழை வருஷம் வருஷமாகத் தவறுவதைத் தன் பதிவுகளில் குறித்து வைத்தார். நான்காவது, பாட்டி சொன்ன அதே தாது வருஷம்.

அந்த வரைபடத்தை முதலில் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கத்தாழைக் கிழங்கு தின்று பிழைத்த ஒருத்தியின் ஞாபகமும், எங்கோ மலையில் நின்ற மரங்களின் ஞாபகமும் ஒரே வருஷத்தைக் காட்டுகின்றன. இரண்டையும் கேட்காமல் விட்டவன் நான்தான்.

அணை கட்டுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு கதை கம்போடியாவின் அங்கோர். பிரமாண்டமான ஏரிகளும் கால்வாய்களும் கட்டி வாழ்ந்த நகரம். தெற்கு வியட்நாம் மலைகளில் உள்ள பழைய சைப்ரஸ் வகை மரங்களை பிரெண்டன் பக்லி குழுவினர் ஆராய்ந்தார்கள். பதினான்காம் நூற்றாண்டின் நடுவிலும் பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பல்லாண்டு வறட்சி வந்திருக்கிறது. இடையிடையே பேய்மழை வருஷங்களும் வந்திருக்கின்றன. வறட்சியில் அடங்கிக் கிடந்த அமைப்பை வெள்ளம் வந்து மண் மூடி உடைத்தது. நகரம் வீழ்ந்ததற்கு அரசியல், போர் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் சராசரி மழைக்குக் கட்டிய ஊர் இரண்டு பக்கமும் அடி வாங்கியது என்பது நமக்கெல்லாம் பாடம். நம் பாலாறே 2017-ல் மணலாகக் கிடந்தது. 2021 நவம்பரில் கரை புரண்டு பாலங்களை மிரட்டியது.

ஒப்பந்தம் போட்ட பின் வந்த சாட்சி

என் தப்பு ஒரு கிணற்றோடு போயிற்று. இதே தப்பை ஒரு பெரிய ஆற்றில் செய்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் கொலராடோ ஆற்றைப் பங்கிட 1922-ல் ஒப்பந்தம் போட்டார்கள். மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்குமாக மொத்தம் 150 லட்சம் ஏக்கர் அடி. நம் கணக்கில் சுமார் 650 டி.எம்.சி. கையில் இருந்தது இருபது முப்பது வருஷத்து நீரோட்ட விவரம். அதன்படி ஆற்றில் அதற்கு மேலேயே ஓடியது.

1976-ல் ஸ்டாக்டன், ஜேக்கபி என்ற இருவர் மரவளையங்களை வைத்து ஆற்றின் பழைய ஓட்டத்தைக் கணக்கிட்டார்கள். நீண்டகாலச் சராசரி சுமார் 590 டி.எம்.சி.தான் என்று வந்தது. ஒப்பந்தம் போட்டவர்கள் அளந்த காலம் பல நூற்றாண்டுகளில் மிக ஈரமான காலங்களில் ஒன்று. அதாவது இல்லாத தண்ணீரைப் பங்கு போட்டுவிட்டார்கள். இன்றுவரை அந்த மாநிலங்கள் அந்தப் பற்றாக்குறையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன.

நம்ம ஊருக்கு என்ன?

படித்ததை எல்லாம் அப்படியே கொண்டுவந்து அணைக்கட்டில் ஒட்டிவிட முடியாது. கேரளத் தேக்கு பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழையின் சாட்சி. ஆசிய அட்லஸ் சொல்வது ஜூன் முதல் ஆகஸ்ட் வரையுள்ள நிலையை. நம் பக்கம் அந்த மழையும் உண்டு, அக்டோபருக்குப் பிறகு வரும் வடகிழக்கு மழையும் உண்டு. நம் ஏரி, கிணறு நிறைவதில் பின்னதுக்குப் பெரிய பங்கு. 2016-ல் நாடு முழுவதற்கும் தென்மேற்கு மழை ஏறக்குறைய வழக்கம்போலத்தான் இருந்தது. எங்களைக் கவிழ்த்தது அடுத்து வந்த மழை. ஆகவே நம் பக்கத்துக்கு நம் பக்கத்து மரமே சாட்சி சொல்ல வேண்டும். தேக்கு நம் மலைகளிலும் உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வளையம் ஒரு பருவத்தின் தாகத்தைச் சொல்லும். ஒரு ராத்திரியில் வந்த வெள்ளத்தைச் சொல்லாது. கலங்கலின் அகலத்தை மரத்தைக் கேட்டு முடிவு செய்யக்கூடாது. ஆனால் வறட்சி தொடர்ந்து எத்தனை வருஷம் நீளும் என்ற கேள்விக்கு முப்பது வருஷப் பதிவைவிட மரம் நல்ல வாத்தியார்.

தோல் ஷாப் பக்கத்தில் வளர்ந்த நமக்கு ஒரு கேள்வி கட்டாயம் வரும். மழையைப் பதிந்த மரம், நாம் ஆற்றில் விட்டதையும் பதிந்திருக்குமா? தாது வருஷம் 1936-க்குப் பிறகு 1996-லும் சுற்றி வந்தது. அந்த 1996 ஆகஸ்டில்தான் வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தோல் கழிவால் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழானது அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்றும் அது சொன்னது. 2025 ஜனவரியில் பாலாற்று மாசு பற்றி உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. வளையங்களில் உள்ள உலோகங்களை அளந்து மாசின் வரலாற்றைத் தேடும் ஆராய்ச்சி உலகில் நடக்கிறது. ஆனால் மரச்சாறு உலோகத்தை ஒரு வளையத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்திவிடும். ஆகவே அதை வருஷக் கணக்காக நம்புவதில் எச்சரிக்கை வேண்டும். எங்கள் வீட்டிலும் அந்தத் தொழிலின் சம்பளத்தில் சாப்பிட்டிருக்கிறோம். அதனால் விரல் நீட்டி யாரையும் குற்றம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் கணக்கு இருக்க வேண்டும் என்று சொல்லத் தைரியம் இருக்கிறது.

ஜூனியர்களுக்கும் நண்பர்களுக்கும் மூன்று வேண்டுகோள்

ஒன்று, கல்லூரி வளாகத்தில் ஒரு மழைமானி வையுங்கள். தினமும் காலை எட்டரை மணிக்கு ஒருவர் பார்த்து எழுதினால் போதும். விடுமுறையிலும் நிற்கக்கூடாது. சென்னையில் 1813-ல் அப்படி ஒருவர் எழுதியதால்தான் இவ்வளவு சரித்திரம் கிடைத்தது.

இரண்டு, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று நம் ஊர்களில் பழைய வீடுகளும் பழைய ஷாப்புகளும் இடிபடும்போது தேக்கு உத்தரங்கள் பழைய மரக்கடைக்குப் போகின்றன. அவற்றில் பர்மா தேக்கும் கலந்திருக்கும், எந்தக் காட்டு மரம் என்று உறுதி செய்வது சிரமம். ஆனாலும் அறுத்து இழைப்பதற்கு முன் முனையில் ஒரு சிறு வில்லையை வெட்டி, எந்த வீடு, எந்த வருஷம் கட்டியது என்று எழுதி வைத்தால் பின்னால் வருகிறவர் பார்த்துக்கொள்வார்.

மூன்று, வீட்டுப் பரணில் பழைய தோல் மண்டிக் கணக்கு, பட்டை விலை எழுதிய நோட்டு, நிலக் கணக்கு எது இருந்தாலும் எடைக்குப் போடாதீர்கள். காய்ந்த வருஷத்தில் மரம் மெலியும், தோல் கணக்கு தடிக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க ஒரு எம்.ஃபில். மாணவன் எங்காவது பிறந்திருப்பான்.

2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போனது. ஸ்டேஷனில் நின்று அந்த வேகன்களைப் பார்த்தேன். என் கிணறு கொஞ்சம் ஊறத் தொடங்கியிருந்த சமயம். இப்போது நான் எந்தக் குடிநீர்த் திட்டத்துக்குக் கணக்குப் போட்டாலும், பதிவில் உள்ள மோசமான வருஷத்தோடு நிற்பதில்லை. அதைப் போல மூன்று வருஷம் தொடர்ந்து வந்தால் என்ன ஆகும் என்று ஒரு முறை ஓட்டிப் பார்க்கிறேன். செலவு கூடுகிறதே என்று கேட்பவர்களிடம் தாது வருஷத்தைச் சொல்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள், சிலர் கையெழுத்துப் போடுகிறார்கள்.

பாட்டி 2020-ல் காலமானார். அந்த வரைபடத்தை ஒரு தடவை அச்சடித்து எடுத்துப் போய்க் காட்டியிருந்தேன். கண் சரியாகத் தெரியவில்லை. விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இத எழுதனது யாரு?" என்று கேட்டார். "மரந்தான் பாட்டி" என்றேன். "அப்ப சரியாத்தான் இருக்கும்" என்றார்.

சந்திப்பு நாளன்று நேரில் பார்ப்போம். பழைய தேக்குத் துண்டு யாரிடமாவது இருந்தால் மறக்காமல் எடுத்து வாருங்கள். மெஸ் சாம்பாரைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம்.